சீனத் தேயிலை: இலை பெரிசா இருந்தா ஒசத்தியா?

சுக்குமல்லி (கோவை) | ஞாயிறு, இரவு 9.40

ஷாங்காய்ல வேலை பார்க்கிற சித்தப்பா பையன் லீவுக்கு வந்தப்ப ஆறு பாக்கெட் தேயிலை கொண்டு வந்தான். வீட்ல எல்லாரும் ஃபில்டர் காபி. டீ குடிக்கிறது நான் ஒருத்தன்தான், அதனால ஆறும் என் தலையில விழுந்துச்சு. இன்னைக்குப் பழைய பேப்பரை விரிச்சு, ஒவ்வொண்ணுலயும் ஒரு சிட்டிகை கொட்டி, பொண்ணோட ஸ்கேலை வச்சு அளந்தேன். (ஆமா, வேறே வேலை இல்லை.)

தாய்பிங் ஹோக்குய்: ஒரு இலை 7 செ.மீ. இஸ்திரி போட்ட மாதிரி தட்டையா இருக்கு, மேல சன்னமா வலைக் கட்டம் பதிஞ்சிருக்கு. லோங்ஜிங்: இதுவும் தட்டை, ஆனா 2 செ.மீ. சொச்சம்தான். பி லுவோ சுன்: சுருண்டு கிடக்கு, சுண்டுவிரல் நகம் அளவு, மேல பஞ்சு ஒட்டின மாதிரி வெள்ளை ரோமம். தியே குவான் யின்: பச்சைப் பட்டாணி மாதிரி உருண்டை. தியென்ஹொங்: முறுக்கின இலை, 3 செ.மீ., பாதி தங்க நிறம். கடைசியா கீமுன்: கருகருன்னு அரை செ.மீ. துண்டு. பார்த்தா நம்ம ஊர் லீஃப் டீதான்.

எல்லாத்துக்கும் ஒரு டீஸ்பூன், நல்லாக் கொதிச்ச தண்ணி, அஞ்சு நிமிஷம். பி லுவோ சுன் வேப்பங்கொழுந்து மாதிரி கசந்துச்சு. ஹோக்குய் ஸ்பூன்லயே நிக்கல. நாலு இலையைக் கையால எடுத்துப் போட்டேன், வெறும் வெந்நீர். அம்மா எட்டிப் பார்த்துட்டு "இது டீயாடா, கொல்லையில கூட்டின சருகாடா?"ன்னாங்க.

என் சந்தேகம் இதுதான். நம்ம கடையில டஸ்ட் மலிவு, லீஃப் விலை கூட. அதே கணக்குல பார்த்தா ஹோக்குய்தான் ராஜா, கீமுன் கடைசி. நாக்கு வேற மாதிரி சொல்லுது. கீமுன்ல தம்பியை ஏமாத்திட்டாங்களா?

---

சும்மா_வந்தேன் | ஞாயிறு, இரவு 9.52

கொதிக்கிற தண்ணியில பி லுவோ சுன். அது விளையிற தாய்ஹூ ஏரிக்கரையில யாரோ ஒரு பாட்டிக்கு இப்பப் புரை ஏறியிருக்கும்.

---

ஹட்டன்வாசி | ஞாயிறு, இரவு 10.30

தம்பி, உங்க கேள்வியிலேயே எங்க பேக்டரிப் பழக்கம் இருக்கு. எங்கம்மா கொழுந்து எடுத்தவங்க, நான் பேக்டரியில சல்லடைப் பக்கம் நின்னவன். அதனால சொல்றேன்.

எங்க பக்கம் ஒரே நாள், ஒரே மலை, ஒரே கொழுந்து. வாட்டி, ரோலர்ல உருட்டி, புளிக்க விட்டு, காய வச்சு, கடைசியில சல்லடைக்குப் போகும். நீளமா மேல நிக்கிறது ஓ.பி. (ஆரஞ்சு பெக்கோ). உடைஞ்சு விழுறது பி.ஓ.பி. (ப்ரோக்கன் ஆரஞ்சு பெக்கோ). அதுக்கும் சின்னது பி.ஓ.பி.எஃப். அடியில டஸ்ட். ஒரே கொழுந்துல இருந்து இத்தனை பேர். ஆக அந்த எழுத்தெல்லாம் சல்லடைக் கண்ணோட அளவைச் சொல்லுது, ருசியைச் சொல்லல. நுவரெலியா, திம்புள பக்கம் பேர் வாங்கினது நீள இலை இல்லை, பி.ஓ.பி.தான்.

இன்னொரு வேடிக்கை. பெக்கோங்கிற சொல்லே சீனத்துல இருந்து வந்தது. 'பாய் ஹாவ்', வெள்ளை ரோமம். ஃபூஜியான் கரைப் பேச்சுல 'பெக் ஹோ'. கொழுந்து மொட்டு மேல இருக்கிற ரோமத்தைச் சொன்ன சொல். வெள்ளைக்காரன் கையில அது இலை அளவுக்குப் பேராயிட்டுது. 'சூசோங்' அதைவிட மோசம். சீனத்துல 'சியாவ் ஜோங்', சிறு வகைன்னு அர்த்தம். எங்க தரப் பட்டியல்ல பெக்கோ சூசோங்ன்னா முரட்டுப் பெரிய இலை! பேர் தலைகீழா நிக்குது. இந்தப் பட்டியலைத் திரும்பச் சீனத்துத் தேயிலை மேல வச்சுப் பார்த்தா எப்படிச் சரி வரும்?

---

நிறுவைத்தட்டு (சிங்கப்பூர்) | திங்கள், காலை 7.15

ஹட்டன்வாசி அண்ணன் பாதி வேலையை முடிச்சுட்டார். மீதிக்கு வரேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

சுக்குமல்லி, நீங்க ஸ்கேல் வச்சு அளந்தது ஒரு அளவு இல்லை, மூணு. மூணும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உட்கார்ந்திருக்கு.

முதல்ல செடி. சீனத்துல பெரிய இலை வகை, சிறிய இலை வகைன்னு சொல்றது பாக்கெட்டுல இருக்கிற இலையை இல்லை, செடியில முத்தி நிக்கிற இலையை. நீளத்தை அகலத்தால பெருக்கி, அதை 0.7 ஆல பெருக்குவாங்க. 20 சதுர செ.மீ.க்குக் கீழ வந்தா சிறு இலை, 20 முதல் 40 நடுத்தரம், 40 முதல் 60 பெரிய இலை, அதுக்கு மேல மிகப் பெரிசு. 7 செ.மீ. நீளம் 3 செ.மீ. அகலம்னா 14.7, சிறு இலை. 14 செ.மீ. நீளம் 6 செ.மீ. அகலம்னா 58.8, பெரிய இலை. யுன்னான் மாகாணத்து மரங்கள் அதிகமும் இந்தப் பெரிய இலை வகை, நம்ம அஸ்ஸாம் செடியோட சொந்தம். துவர்ப்பு தர்ற பாலிஃபீனால் கூடுதல், அதனால தண்ணி கனமா, இறுக்கமா வரும். ஜெஜியாங், அன்ஹுய் பக்கத்துப் புதர்ச் செடியில அது குறைவு. அதனாலதான் பச்சைத் தேயிலைக்கு அது தோது.

ரெண்டாவது, பறிக்கிற கை. இங்கேதான் குழப்பமே. உங்க தியென்ஹொங் பெரிய இலை மரத்தோடது, ஆனா பறிச்சது மொட்டும் ஓரிலையும். அந்தத் தங்க நிறமெல்லாம் மொட்டு மேல இருக்கிற ரோமம், புளிக்கும்போது பொன்னாகிடும். ஹோக்குய் புதர்ச் செடி. ஆனா பறிக்கிறது ஒரு மொட்டு, ரெண்டு நல்லா வளர்ந்த இலை, அதுவும் ஏப்ரல் 20 வாக்குல வர்ற 'குயூ' பருவத்தை ஒட்டி. அந்தச் செடி வகைக்குப் பேரே 'ஷி தா சா', இலை சீமைப்பனிச்சை மாதிரி இருக்கிறதால வச்ச பேரு. கடைசியில மரத்தோட டீ சின்னதாவும் புதரோட டீ பெரிசாவும் உங்க பேப்பர் மேல படுத்திருக்கு.

லோங்ஜிங் நேர் எதிர். ஹாங்ஜோவுல ஏப்ரல் 4, 5 தேதியில வர்ற சிங்மிங் நாளுக்கு முன்னாடி பறிச்சதுக்குத்தான் மவுசு. குளிர்காலம் பூரா வேர்ல சேர்த்து வச்ச தியனைன்ங்கிற அமினோ அமிலம் இளந்தளிருக்கு ஏறி வரும் காலம் அது. குளிர்ல தளிர் மெதுவா வளரும், துவர்ப்பு குறைவு, இனிப்பு தூக்கலா நிக்கும். வெயில் ஏற ஏற துவர்ப்பு கூடும். அந்த ரெண்டு மூணு வாரத்துலதான் விலை தலைகீழா இறங்கும்.

மூணாவது, சட்டி. லோங்ஜிங்கைச் சூடான வாணலியில உள்ளங்கையால அழுத்தி அழுத்தித் தட்டையாக்குவாங்க. பி லுவோ சுன்னை அதே வாணலியில ரெண்டு கைக்கும் நடுவுல உருட்டி, ரோமம் வெளிய தெரியுற வரைக்கும் தேய்ப்பாங்க. ஹோக்குய்யை ஒவ்வொரு இலையா வலை மேல அடுக்கி, மேல ஒரு வலையை மூடி, அழுத்திக் காய வைப்பாங்க. நீங்க பார்த்த கட்டம் அதுதான். தியே குவான் யின்னைத் துணியில மூட்டை கட்டிப் பிசைஞ்சு பிசைஞ்சு உருண்டையாக்குவாங்க. பட்டாணிக்குள்ள என்ன இருக்குன்னு நனைச்சாத்தான் தெரியும். நனைச்சு விரிச்சு அளந்து பாருங்க, உங்க வரிசை மாறிடும்.

அப்புறம் டீஸ்பூன். அதைத் தூக்கிச் சர்க்கரை டப்பாவுல போடுங்க. ஒரு ஸ்பூன் பி லுவோ சுன்னும் ஒரு ஸ்பூன் ஹோக்குய்யும் ஒரே எடை வரவே வராது. நகை எடை போடுற மாதிரி சின்னத் தராசு ஆன்லைன்ல கிடைக்கும். ருசி பார்க்கிறவங்க கணக்கு 3 கிராமுக்கு 150 மி.லி. கொதிநீர். பச்சைத் தேயிலைக்கு 4 நிமிஷம், சிவப்புக்கு (நாம ப்ளாக் டீங்கிறது) 5 நிமிஷம். அது குறை கண்டுபிடிக்கிற முறை, சுகமாக் குடிக்கிற முறை இல்லை. ஆனா ஆறையும் ஒரே தட்டுல நிறுத்தணும்னா அதுதான் நியாயம்.

---

இளந்தளிர் | திங்கள், காலை 11.02

எல்லாம் சரி. ஆனா கடைசியில மொட்டுதானே உயர்வு? அரை கிலோ பி லுவோ சுன்னுக்கு அறுபது எழுபதாயிரம் தளிர் வேணும்னு சொல்வாங்க. ஜின் ஜுன் மெய்ங்கிற சிவப்புத் தேயிலை முழுக்க மொட்டு. பாய் ஹாவ் யின் ஜென்ங்கிற வெள்ளைத் தேயிலை, அதுவும் மொட்டு மட்டும். விலையும் அங்கேதான். சின்னது ஒசத்தி, பெரிசு மட்டம்னு நேராச் சொல்லிட்டுப் போகலாமே.

---

பினாங்குப் பேரன் | திங்கள், பிற்பகல் 1.20

இளந்தளிர், பேருக்கு ஏத்த கட்சி! ஆனா லூஆன் குவாபியன் என்னாச்சு? அன்ஹுய்ல இருந்து வர்ற பேர்போன பச்சைத் தேயிலை அது. அதுல மொட்டே கிடையாது, காம்பும் கிடையாது. இலை விரியுற வரைக்கும் காத்திருந்து, மொட்டையும் காம்பையும் கிள்ளித் தள்ளிட்டு வெறும் இலையை மட்டும் வச்சுப் பண்றாங்க. மொட்டுதான் உயர்வுன்னா அவங்க நல்லதைத் தூக்கிப் போட்டுட்டு மட்டத்தை விக்கிறாங்களா?

ஊலோங் (பாதி மட்டும் புளிக்க வச்ச தேயிலை) இன்னும் நல்ல சாட்சி. தியே குவான் யின்னுக்கும் வூயி மலைப் பாறைத் தேயிலைக்கும் இளந்தளிர் வேணாம். நுனி மொட்டு விரிஞ்சு முழு இலையாகி, கிளை வளர்ச்சி நின்ன பிறகு மூணு நாலு இலையோட ஒடிப்பாங்க. 'கை மியென்', முகம் திறந்ததுன்னு பேரு. இலையைக் குலுக்கிக் குலுக்கி ஓரத்தை மட்டும் காயப்படுத்தி வாசனையை வரவழைக்கிற வேலை அது. பிஞ்சு இலை அந்தக் குலுக்கலைத் தாங்காது, கசப்பாகிடும். வளர்ந்த இலைதான் தாங்கும்.

---

ஹட்டன்வாசி | திங்கள், பிற்பகல் 2.05

மொட்டு நின்னு போன கிளையை எங்க பக்கம் கங்காணி பார்த்தா ஏசுவார்! கொழுந்துக் கூடையில அது கலந்தா தரம் போச்சுன்னு நிறுக்கிற இடத்துல ஒதுக்குவாங்க. அதையே தேடிப் போய் எடுக்கிறாங்களா? எங்கம்மா இருந்திருந்தா சிரிச்சிருப்பாங்க.

---

பினாங்குப் பேரன் | திங்கள், பிற்பகல் 2.30

அதுவேதான் அண்ணே. உங்களுக்குக் குப்பை, தியே குவான் யின் விளையிற அன்சி ஊர்க்காரங்களுக்குப் பிழைப்பு.

நான் வளர்ந்த தெருவுல பாதிப் பேர் ஹொக்கியன் (ஃபூஜியான் கரைச் சீனம்) பேசுறவங்க. டீயை 'தே'ம்பாங்க. நாம தேயிலைன்னு சொல்றோமே, அந்த 'தே' இவங்க கரையில இருந்து கப்பலேறின சொல்தான். ஒட்டுக்கடையில பால் விடாத டீயை 'தே ஓ'ன்னு கேட்டு வாங்கிக் குடிச்சு வளர்ந்தவனுக்கு, அதே சொல்லுக்குப் பின்னாடி இத்தனை இலை இருக்குன்னு தெரியவே முப்பது வயசாச்சு.

எங்கப்பாவோட கூட்டாளி ஒரு தியோச்சூ (தெற்குச் சீனத்து ஆள்) கிழவர். அவர் கெண்டி நிரப்புறதை நூறு தடவை பார்த்திருக்கேன். தேயிலையை முதல்ல ஒரு வெள்ளைத் தாள்ல கொட்டி விரலால பிரிப்பார். முழு இலை ஒரு பக்கம், நொறுங்கினது ஒரு பக்கம். கெண்டி மூக்கு ஓரமாவும் அடியிலயும் முழு இலை, நடுவுல நொறுங்கல், அதுக்கு மேல மறுபடி முழு இலை. நொறுங்கல் மூக்குல போய் அடைக்காது, நடுவுல இருந்து பலத்தைக் கொடுக்கும், சுத்தி நிக்கிற இலை வாசனையைக் கொடுக்கும். உடைஞ்சதைத் தூக்கி எறியவே மாட்டார். "பெரிசு பேசும், சின்னது அடிக்கும்"னு கைச்சாடையில காட்டுவார். அந்த ஒரு கெண்டிக்குள்ள உங்க கேள்விக்குப் பதில் இருக்கு சுக்குமல்லி.

---

மழைக்காடு | திங்கள், மாலை 6.48

என் கதையையும் கேளுங்க. போன வருஷம் ஒரு ஆன்லைன் கடையில 'பெரிய இலை வெள்ளைத் தேயிலை, முதல் தரம்'னு போட்டிருந்தான். யின் ஜென் விலை. வந்தது ஷோ மெய். அகல அகலமான பழுப்பு இலை, காம்பு, நடுவுல ஒண்ணு ரெண்டு மொட்டு. புகார் பண்ணினேன். "இலை பெரிசாத்தானே சார் இருக்கு"ன்னு பதில் வந்துச்சு. பொய் சொல்லல பாருங்க!

ஒரு மாசம் கோபத்துல அலமாரியில தள்ளி வச்சேன். அப்புறம் ஒரு மழை நாள்ல, போனா போகுதுன்னு பாத்திரத்துல போட்டுக் கசாயம் மாதிரி கொதிக்க வச்சேன். பேரீச்சம்பழம் ஊறின தண்ணி மாதிரி ஒரு இனிப்பு. யின் ஜென்னை அப்படிக் கொதிக்க வைக்க மனசு வராது. கொதிக்க வைக்கத்தான் இந்த முரட்டு இலை. விலைதான் அநியாயம், இலை மேல தப்பில்லை.

---

இளந்தளிர் | திங்கள், இரவு 8.10

ஊலோங் வாதத்தை ஏத்துக்கிறேன். குவாபியன் நான் குடிச்சதில்லை, வாயை மூடிக்கிறேன். ஆனா ஒரே வகைக்குள்ள? யின் ஜென், பாய் மு தான், ஷோ மெய். மூணும் ஃபூஜியான் வெள்ளைத் தேயிலை, அங்கே மொட்டுல இருந்து இலைக்கு இறங்க இறங்க விலையும் இறங்குதே.

---

நிறுவைத்தட்டு | திங்கள், இரவு 9.25

அது சரியான கேள்வி. ஒரே வகைக்குள்ள ஒப்பிட்டா அளவுக்கு அர்த்தம் இருக்கு, நானும் அதைத்தான் சொல்ல வந்தேன். ஆனா அங்கேயும் 'சின்னது ஒசத்தி'ன்னு இல்லை, 'சின்னது வேற'. மொட்டுல கஃபீன் கூட, தண்ணி மென்மை, சாறு மெதுவா இறங்கும். இலை சேரச் சேர வாசனையும் தண்ணியோட கனமும் கூடும். எனக்குக் காசு இருந்தாலும் காலையில பாய் மு தான்தான். யின் ஜென் எனக்கு விருந்தாளி வந்தா. விலையை ஏத்துறது பறிக்கிற கூலியும் பருவத்தோட குறுகலும்.

பழுத்த பூஅர் (யுன்னான்ல புளிக்க வச்ச தேயிலை, அங்கே ஷோ பூஅர்ம்பாங்க) எடுத்துக்கோங்க. சலிச்சு எண் போடுவாங்க: கோங்திங்கிறது பொடிப்பொடி மொட்டு, பிறகு 1, 3, 5, 7, 9ன்னு எண் ஏற ஏற இலை பெரிசு. கோங்திங் விலை கூட. ஒரே இலையில திரும்பத் திரும்பத் தண்ணி ஊத்துறப்ப, முதல் ரெண்டு ஊத்துலயே கன்னங்கரேல்னு இறங்கி, ஆறாவதுல கை விரிச்சுடும். 7ஆம் தரம் மெதுவா இறங்கும், இனிப்பா, பத்து ஊத்து தாங்கும். ராத்திரி பூரா உட்கார்ந்து பேசுறவன் எதை வாங்குவான்?

வட்டமா அழுத்தின பழைய பூஅர் வட்டுகளோட நாலு இலக்க எண்ணும் இதே கதை. 7542ன்னா 1975ல வகுத்த கலவை, இலைத் தரம் 4, கடைசி 2 மெங்ஹாய் ஆலையோட எண். 8582ன்னா 1985 வாக்குக் கலவை, தரம் 8, அதே ஆலை. மூணாவது இலக்கம் இலை அளவு, அவ்வளவுதான். 8582 மட்டம்னு பூஅர்க்காரங்ககிட்டச் சொல்லிப் பாருங்க, சண்டைக்கு வருவாங்க.

---

பினாங்குப் பேரன் | திங்கள், இரவு 9.50

ஈயச் சுரங்கத்துல வேலை பார்த்த சீனக் கூலிகள் இங்கே மலாயாவுல குடிச்ச லியு பாவ், சீனாவோட குவாங்சி பக்கத்து இலை, அதுவும் முரட்டு ஜாதிதான். அன்னைக்குக் கூலிக்காரன் டீ. இன்னைக்குப் பழைய கூடை ஒண்ணு விலை கேட்டா மயக்கம் வரும்.

---

சுக்குமல்லி | திங்கள், இரவு 10.15

கீமுன் விஷயத்துக்கு யாரும் வரலையே? ஏமாத்தா இல்லையா?

---

நிறுவைத்தட்டு | திங்கள், இரவு 10.40

இல்லை. கீமுன் கோங்ஃபூன்னு பாக்கெட்ல இருக்கா? கோங்ஃபூன்னா இங்கே உழைப்பு, மெனக்கெடல். அன்ஹுய் மாகாணம் சீமென் மாவட்டத்துல முதல்ல தேயிலையைச் செஞ்சு முடிச்சிடுவாங்க. அதுக்குப் பிறகு சலிச்சு, நீளமானதை வெட்டி, திரும்பச் சலிச்சு, புடைச்சு, ஒரே மாதிரி மெல்லிய இழையாக்குறது தனி வேலை. அந்த அரை செ.மீ. இழை தற்செயலா உடைஞ்சது இல்லை, வேணும்னே அப்படி ஆக்கினது. 'ஹாவ் யா'ன்னு பேர் போட்ட உயர்ந்த தரமும் பொடிசாத்தான் இருக்கும்.

கறாராச் சொன்னா அது முழு இலைத் தேயிலையே இல்லை. முழு இலைதான் வேணும்னா அதே ஊர்ல மாவ் ஃபெங்னு ஒண்ணு வருது, வெட்டாம விட்டது. வாசனை பூ மாதிரி இருக்கும், ஆனா கோங்ஃபூல இருக்கிற அந்தக் கோகோ மாதிரி அடர்த்தி எனக்கு அதுல கிடைக்கல.

கூடவே ஒண்ணு. உங்க தட்டுல இருக்கிற கீமுனும் தியென்ஹொங்கும் பங்காளிங்க. 1938ல, போர்ல கிழக்கு மாகாணத் தேயிலை ஏற்றுமதி முடங்கினப்ப, ஃபெங் ஷாவோச்சியூங்கிறவரை யுன்னானுக்கு அனுப்பினாங்க. கீமுன் பக்கம் சிவப்புத் தேயிலை வேலை பார்த்த மனுஷன். ஃபெங்சிங்ல அந்தப் பெரிய இலையை எடுத்து முதல் தியென்ஹொங்கைச் செஞ்சு பார்த்தார். சிறு இலையில பழகின கை, பெரிய இலையில போட்ட வேலை. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் குடிங்க.

---

ஹட்டன்வாசி | செவ்வாய், காலை 6.30

சலிச்சு வெட்டுறதுல சீனனும் எங்க ஆள்தான்னு தெரிஞ்சு ஒரு சந்தோசம். காலைத் தேத்தண்ணி இன்னைக்கு இனிக்குது.

---

சுக்குமல்லி | அடுத்த ஞாயிறு, மாலை 5.20

தராசு வாங்கிட்டேன். 3 கிராம், 150 மி.லி., ஆறு கிண்ணம், கடிகாரம். 3 கிராம் ஹோக்குய் கிண்ணத்துல அடங்கவே இல்லை, குச்சிக் கட்டு மாதிரி வெளிய நீட்டிக்கிட்டு நின்னுச்சு. 3 கிராம் பி லுவோ சுன் அடியில ஒரு படலம். ரெண்டும் ஒரே எடைன்னு தராசு சொல்லுது, கண்ணு நம்ப மாட்டேங்குது.

ஹோக்குய் இப்ப வெந்நீர் இல்லை. பூ வாசனை, தொண்டையில ஒரு இதம். போன வாரம் நாலே இலை போட்டது என் கஞ்சத்தனம். தியென்ஹொங் கனமா வந்துச்சு, கீமுன் வாசனையா வந்துச்சு. பங்காளிங்கன்னா நம்ப முடியுது, மூக்கு ஒரே ஜாடை.

பி லுவோ சுன் இந்தத் தடவையும் கசப்புதான், ஆனா போன தடவை அளவுக்கு இல்லை. அப்புறம் யூடியூப்ல பார்த்து, கண்ணாடி டம்ளர்ல முதல்ல 75 டிகிரித் தண்ணியை ஊத்தி, மேல இலையைத் தூவினேன். ஒவ்வொண்ணா ரோமத்தை உதிர்த்துக்கிட்டு அடிக்குப் போச்சு. பொண்ணு "அப்பா, மீன் குஞ்சு"ன்னு கத்துறா. அதுல கசப்பே இல்லை.

பிறகு எல்லா இலையையும் வெள்ளைத் தட்டுல விரிச்சேன். நிறுவைத்தட்டு சொன்னது நடந்துச்சு. பட்டாணி மாதிரி இருந்த தியே குவான் யின் 6 செ.மீ. இலையா விரிஞ்சு, காம்போட மூணு இலை ஒட்டிக்கிட்டு வந்துச்சு. ஆனா ஓரமெல்லாம் கிழிஞ்சு, எலி கடிச்ச மாதிரி இருக்கே, அது கெட்ட சரக்கா? லோங்ஜிங் சின்ன மொட்டும் ஓரிலையுமா, குருவி அலகு மாதிரி திறந்து கிடக்கு.

---

பினாங்குப் பேரன் | அடுத்த ஞாயிறு, மாலை 6.05

கெட்ட சரக்கு இல்லை. ஊலோங் இலைக்கு ஓரம் சிவக்கும். இப்போ வர்ற பச்சை வாசனை தியே குவான் யின்ல அந்தச் சிவப்பு தண்ணியில இறங்கக் கூடாதுன்னு, துணியில போட்டு அடிச்சு ஓரத்தை உதிர்த்துடுவாங்க. எலி இல்லை, ஃபேஷன். எனக்குப் பிடிக்காத ஃபேஷன், அது வேற விஷயம். நெருப்புல வாட்டின பழைய பாணி கிடைச்சா வாங்கி, ரெண்டையும் நனைச்சு ஓரத்தைப் பாருங்க.

---

சுக்குமல்லி | அடுத்த ஞாயிறு, இரவு 7.30

தட்டை அப்படியே வச்சுட்டுப் போன் பேசப் போனேன். திரும்பி வந்தா அம்மா லோங்ஜிங்கை ஒண்ணு வாயில போட்டு மென்னுக்கிட்டிருக்காங்க. "சருகுன்னு நினைச்சேன், இது நல்ல கீரைடா. தேங்காய் போட்டுப் பொரியல் பண்ணலாமா?"

---

நிறுவைத்தட்டு | அடுத்த ஞாயிறு, இரவு 7.44

அம்மாவுக்கு என் வணக்கம். ஹாங்ஜோவுல லோங்ஜிங் போட்டு இறால் வதக்குறது பேர்போன சமையல். உரிச்ச நல்ல தண்ணி இறால், ஊற வச்ச தளிரு, அந்த ஊறின தண்ணியிலயே கொஞ்சம். மசாலா எதுவும் கூடாது, மிளகாய்த் தூள் பக்கமே போகாதீங்க.

---

சும்மா_வந்தேன் | அடுத்த ஞாயிறு, இரவு 7.46

கோவையில போய் மிளகாய்த் தூள் போடாதேங்குறார். பெரியவங்க கேக்க மாட்டாங்க சார்.

---

சுக்குமல்லி | அடுத்த ஞாயிறு, இரவு 8.02

கேக்கல. இறால் வாங்கக் கிளம்புறேன், இஞ்சி பூண்டு விழுதும் வேணுமாம்.